கோட்டுக்குக் கீழே

என் தம்பி தரணீஷின் வலது கையில் நான்கு விரல்களை வெட்டி எடுத்த பவர் பிரஸ், அந்த நேரத்தில் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், விஷயத்தைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லாரும் "என்ன ஐட்டம் அடிச்சிட்டிருந்தான்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு மண்ணும் அடிக்கவில்லை. அச்சுக்குள் தகடு இல்லை, தகடு வைக்கிற ரேக்கில் தூசிதான் இருந்தது. இல்லாத தகட்டை உள்ளே வைத்து, இல்லாத பீஸை வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அதுதான் வேலை.

எங்கள் தொழிற்பேட்டையில் அதற்குப் பெயர் காத்து. கேட்டுக்குள் நுழையும்போதே "இன்னைக்கு லோடா, காத்தா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். லோடு என்றால் நிஜமான வேலை. காத்து என்றால் மெஷின் வெறுமனே ஓடும், நாம் பக்கத்தில் நின்று வேலை செய்கிற மாதிரி கையை ஆட்டவேண்டும். கோயம்புத்தூருக்கு வடக்கே, ஒரு காலத்தில் பாதி நாட்டுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பு செய்துகொடுத்த பேட்டை இது. அதில் லோகேஷ்வரன் முதலாளியின் பட்டறையில் நான் லேத்தில் நிற்கிறேன். என் பெயர் மோனிஷா. தரணீஷ் அதே ஷெட்டில் பிரஸ்ஸில் நின்றான்.

எல்லாம் அந்தக் கண்ணால் வந்தது. ஒவ்வொரு மெஷினின் தலைக்கு மேலும் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதன் நடுவில் ஒரு கண்ணாடி. மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கும். எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்றும் பார்க்கும். பார்த்ததை எண்ணாக்கி நொடிக்கு நொடி சென்னையில் இருக்கிற அளவை ஆணையத்துக்கு அனுப்பும். அதை மாட்ட வந்தபோது ஆணையத்திலிருந்து நவநீத் என்று ஒரு அதிகாரி வந்து, எங்களையெல்லாம் கேன்டீனில் உட்காரவைத்து, போர்டில் ஒரு கோடு போட்டார். நல்ல மனுஷன்தான். குரலை உயர்த்தவே மாட்டார். அவரை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

"ரொம்ப சிம்பிள்ங்க," என்றார். "கோட்டுக்கு மேல ஓடுற மெஷின். கோட்டுக்குக் கீழ மொத்தமா இருக்குற மெஷின். பத்து இருக்கு, எட்டு ஓடுதுன்னா நூத்துக்கு எண்பது. இதுக்குப் பேரு ஓட்டம். டாக்டர் நாடி பார்க்குற மாதிரி, நாங்க நாட்டுக்கே பார்க்குறோம்."

"நாடி கொறைஞ்சா?" என்று கேட்டான் பக்கத்து ஃபவுண்டரி சபரிநாதன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான்.

"எழுபதுக்குக் கீழ போச்சுன்னா அது தூங்குற பேட்டை. அங்க இருக்குற மெஷினை எடுத்து, வேலை இருக்குற ஊருக்குக் கொடுத்துருவோம். சும்மா நிக்குற மெஷின் யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"ஏறுச்சுன்னா?"

"ஏறினா நல்லதுதானே," என்று சிரித்தார்.

சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருஷமே ஆர்டர் படுத்துவிட்டது. ஓட்டம் எழுபத்தைந்துக்கு இறங்கியது. பேட்டை வாசலில் பெரிதாக ஒரு போர்டு வைத்து அந்த எண்ணைச் சிவப்பில் காட்டினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவதும் வெளியே வருவதுமாக எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. மெஷின் போனால் ஊரே போன மாதிரி. அப்போதுதான் யாரோ லேத்தை வெறுமனே ஓடவிட்டார்கள். போர்டில் எண் ஏறியது. ஒரே வாரத்தில் பேட்டை முழுக்க அதையே செய்தது.

ஆணையம் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆள் இல்லாமல் ஓடுகிற மெஷின் கணக்கில் வராது என்று சட்டத்தை மாற்றினார்கள். பக்கத்தில் ஆளும் வேண்டும், கையும் அசையவேண்டும் என்றார்கள். சரி, நாங்கள் நின்று கையை ஆட்டினோம். என் லேத்தில் எனக்கு ஆபத்தில்லை, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தால் போதும். பிரஸ் அப்படி இல்லை. தகடு இருக்கும்போது அதன் நுனியைப் பிடித்தால் போதும், கை வெளியிலேயே நிற்கும். தகடு இல்லாதபோது அச்சு வரைக்கும் வெறுங்கை போய்த் திரும்பினால்தான் கண் அதை வேலை என்று எடுத்துக்கொள்ளும். இடுக்கி பிடித்தால் அதைக் கை என்று எடுக்காது. எண்ணிக்கை ஏறட்டும் என்று முதலாளி பெடலை அமுக்கிக் கட்டியும் வைத்திருந்தார். பிரஸ் தன்பாட்டுக்கு மேலே போகும், கீழே வரும். இவன் அதற்கு நடுவில் கையை விட்டு எடுப்பான்.

இவ்வளவும் பண்ணி ஓட்டம் தொண்ணூற்றொன்று வந்தது. முதலாளிகள் எல்லாம் சேர்ந்து, ஆர்டர் இல்லை, கடன் வட்டியைக் குறையுங்கள் என்று ஆணையத்துக்கு எழுதினார்கள். வந்த பதிலை லோகேஷ்வரன் எங்களிடமே படித்துக் காட்டினார். உங்கள் பேட்டையில் ஓட்டம் தொண்ணூற்றைத் தாண்டிவிட்டது, தொழில் அளவுக்கு மீறிச் சூடாக இருக்கிறது, எனவே வட்டி ஏற்றப்படுகிறது, புதிய ஆர்டர்கள் நிதானமான பகுதிகளுக்குத் திருப்பப்படுகின்றன. குறைந்தால் மெஷினைப் பிடுங்குவார்கள். ஏறினால் காய்ச்சல் என்று சொல்லிப் பட்டினி போடுவார்கள். இதைக் கண்டுபிடித்தவனுக்கு எத்தனை பட்டம் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

தரணீஷுக்கு அடிபட்டது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு பெல் அடிப்பதற்கு முன்னால். கத்தக்கூட இல்லை. "அக்கா" என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரஸ் மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை, நானும் அவனைப் பிடிக்கத்தான் ஓடினேன். வாசல் போர்டில் ஓட்டம் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தைத்துக் கட்டி அனுப்பினார்கள். கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. அதைவிட மோசமானது பின்னால் வந்தது. விபத்து அறிக்கையில் பட்டறையின் பதில், "தொழிலாளி வேலை இல்லாத நேரத்தில் விளையாட்டாக அச்சுக்குள் கையை விட்டார்" என்று போயிருந்தது. கவனக்குறைவு என்று அவன் பெயருக்கு எதிரில் ஒரு குறி விழுந்துவிட்டது. அந்தக் குறி விழுந்தவனைக் கண் இருக்கிற எந்த ஷெட்டும் உள்ளே விடாது, வாசல் கதவே திறக்காது. கண் இல்லாத ஷெட் இந்த மாவட்டத்தில் கிடையாது. கை போனது பாதி, பேர் போனது மீதி.

"வெரலு போச்சு, உடு அக்கா," என்றான் தரணீஷ். "வெளையாடுனேன்னு எழுதிப்போட்டாங்க பாரு. முப்பத்தெட்டு வயசுல நான் பிரஸ்ஸுக்குள்ள கைய உட்டு வெளையாடுனனா? அதை மட்டும் மாத்திக் குடுக்கச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

நேராக லோகேஷ்வரனிடம் போனேன். ஆபீஸ் ரூமில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங், என் தம்பி வெளையாடுனானுங்களா?"

"உக்காரு மோனிஷா."

"உக்கார வரலீங். நீங்க சொல்லித்தான கைய உட்டான்? பெடலக் கட்டுனது யாருங்?"

"நாந்தான்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "காத்து ஓட்டுனோம்னு ஒரு வரி எழுதுனன்னு வெய்யி, என்னோடது மட்டுமா போகும்? பேட்டையே போகும். எல்லாத்து வயித்துலயும் அடிச்சுப்போட்டு நீ எங்க போவே? நான் எங்க போவேன்?"

வெளியே வந்தால் சபரிநாதன் நின்றுகொண்டிருந்தான். அவன் பங்குக்கு அவனும் ஆரம்பித்தான். "அக்கா, உன்ற தம்பிக்கு ஆனது பாவந்தான். அதுக்காக எங்க அடுப்புல தண்ணி ஊத்தாத."

"உன்ற அடுப்புல என்னடா வேகுது? மூணு வருஷமா காத்துதான வேகுது," என்று கேட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபிறகும் ஆத்திரம் அடங்கவில்லை.

மறுநாள் நவநீத்துக்கே போன் போட்டேன். என்னை ஞாபகம் வைத்திருந்தார், அது வேறு.

"எல்லாத்தையும் பாக்குற கண்ணு, என் தம்பி கை வெட்டுப்பட்டதையும் பாத்திருக்குமில்லீங்களா?"

"பார்த்திருக்கும் மேடம். அந்த பிரஸ்ஸோட பதிவுல எல்லாமே இருக்கும். தகடு இல்லாததும் தெரியும், பெடல் கட்டியிருக்குறதும் தெரியும்."

"அப்ப எடுத்துப் பாருங்க."

"ஆபீஸ்ல உட்கார்ந்துட்டு எங்களால திறக்க முடியாது. எங்களுக்கு எண் மட்டும்தான் வரும். ஆய்வுக்குன்னு ஆள் நேர்ல வந்தாதான் பதிவைத் திறக்கலாம்."

"வாங்க அப்ப."

"ஓட்டம் நல்லா இருக்குற இடத்துக்கு ஆய்வு போடமாட்டாங்க மேடம். ஒரே நாள்ல பாதிக்குக் கீழ விழுந்தாதான் கட்டாயம் ஆள் வரணும்னு விதி." கொஞ்சம் தயங்கினார். "தொண்ணூத்தொண்ணுல இருக்கு உங்க பேட்டை. எப்படி விழும்?"

எப்படி விழும் என்று நான் யோசித்தேன். யோசித்துக்கொண்டே காலண்டரைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது.

எங்கள் பட்டறைகளில் வருஷத்துக்கு ஒரு நாள் மெஷின் ஓடக்கூடாது. துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டுக் கும்பிட்டு, பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அன்றைக்கு ஸ்பேனரைக்கூடத் தொடமாட்டோம். கண் வந்தபிறகு அதுவும் போனது. ஒரு நாள் நின்றால் எண் இறங்கிவிடும் என்று மாலை போட்ட மெஷினையே ஓட்டினோம். போன வருஷம் என் லேத் சுற்றிய சுற்றில் மாலை அறுந்து, பூவெல்லாம் கூலன்ட் தொட்டியில் விழுந்தது. குங்குமம் என் முகத்திலேயே தெறித்தது. அத்தனை பேருக்கும் வெட்கம்.

கேன்டீனில் ஸ்டூல் மேல் ஏறி நின்று அதைத்தான் கேட்டேன். தம்பியைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசினேன். "சாமிக்கு முன்னாடியும் காத்துதான் ஓட்டுவமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நெசமா நிறுத்துவோம். எண்ணு விழட்டும். விழுந்தா ஆளு வருவான். வந்து காலி ரேக்கப் பாக்கட்டும், தூசியப் பாக்கட்டும், அந்த பிரஸ்ஸத் தொறந்து பாக்கட்டும். மூணு வருஷமா நம்ம நாடி நல்லாருக்குதுன்னு சொல்லி நம்மளையே கொல்றானுக. ஒருக்கா நெஜ நாடியக் காட்டுவோம்."

யாரும் கைதட்டவில்லை. சபரிநாதன்தான் முதலில் எழுந்தான். "எங்க ஃபவுண்டரி நிறுத்தும்," என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான். அவன் சொன்னபிறகு ஒவ்வொரு ஷெட்டாகச் சேர்ந்தது. லோகேஷ்வரன் கடைசியாக வந்தார். "அல்லாரும் நிறுத்துனா நான் மட்டும் ஓட்டுவனா," என்றார். அவரும் மனுஷன்தான், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அந்த ஆயுத பூஜை மாதிரி இன்னொன்று நான் பார்த்ததில்லை. மெயின் சுவிட்சையே இறக்கினோம். கண் வந்தபிறகு முதல் முறையாகப் பேட்டையில் காக்கா கத்துவது கேட்டது. வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, மெஷின்களின் மூன்று வருஷத்து அழுக்கைத் துடைத்தோம். பொட்டு வைக்கும்போது எங்கள் ஆட்கள் எதையும் விட்டுவைக்கமாட்டார்கள். லேத்துக்கு வைப்பார்கள், வெர்னியருக்கு வைப்பார்கள், ஃபேனுக்கும் தராசுக்கும் விளக்குமாற்றுக்கும் வைப்பார்கள். அன்றைக்குக் கண்ணுக்கும் வைத்தார்கள். நடுக் கண்ணாடியில் கட்டை விரலால் ஒரு சந்தனம், அதன் மேல் குங்குமம். அதுவும் ஒரு ஆயுதம்தானே, பாவம் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். பிரஸ்ஸின் கண்ணுக்கு லோகேஷ்வரனே ஏணி போட்டு ஏறி வைத்தார். கீழே தரணீஷ் இடது கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாசல் கதவுக்கும் அன்றைக்குக் கரண்டு இல்லாததால் அவனால் உள்ளே வர முடிந்தது.

விஜயதசமி காலையில் நவநீத் வந்தார். தனியாக வரவில்லை, பின்னால் ஒரு வேனும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். பேட்டையே வாசலில் கூடியது. நான் தம்பியைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"வாங்க சார். எண்ணு விழுந்துதுங்களா?"

அவர் முகம் சரியில்லை. "விழலை மேடம்."

"முழுப் பேட்டையும் நின்னுது. எப்படிங் விழாம இருக்கும்?"

"மெஷின் நிக்குறதைக் கண் பார்த்திருந்தா விழுந்திருக்கும். நான்கூட அதைத்தான் எதிர்பார்த்தேன்." அவர் அண்ணாந்து, ஷெட்டுக்குள் தெரிந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார். "கண்ணு மெஷினைப் பார்க்கலை. கரண்டும் வரலை. ரெண்டும் இல்லைன்னா மெஷின் நிக்குதுன்னு அர்த்தம் இல்லைங்க. மெஷினே இல்லைன்னு அர்த்தம். மொத்தப் பேட்டையும் ஒரே நாள்ல இல்லைன்னு போயிருச்சு."

"இல்லைன்னா?"

"கோட்டுக்குக் கீழ வர்ற மொத்தத்துலயிருந்தே எடுத்துட்டாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. சபரிநாதனுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப மாவட்டத்துக்கு எவ்வளவு காட்டுது?" என்று கேட்டான்.

"நீங்க இருந்தப்போ தொண்ணூத்திமூணு. இப்ப தொண்ணூத்தாறு. இதுவரைக்கும் அவ்வளவு ஏறினதே இல்லை. ஆணையத்துல நேத்து ஸ்வீட் கொடுத்தாங்க." சொன்னபிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கூட்டத்தைக் கையால் காட்டினேன். "நாங்க இத்தன பேரு நிக்கறோம். இது உங்க கண்ணுக்குத் தெரியுதுங்களா இல்லீங்களா?"

"தெரியுது மேடம்."

"இது லேத்து. அது ஃபவுண்டரி. தொட்டுப் பாருங்க. இல்லாத மெஷினா இது?"

"நான் பார்க்குறது கணக்குல வராதுங்க."

"சரி, எண்ணு போய்த் தொலையட்டும். வந்துட்டீங்கள்ல? அந்த பிரஸ்ஸத் தொறங்க. என் தம்பி வெளையாடலைன்னு பாத்து எழுதிப்போட்டுப் போங்க. அதுக்குத்தான நாங்க இத்தனையும் பண்ணுனோம்."

நவநீத் வேன் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேனில் வந்த ஆட்கள் அதற்குள் ஏணியை இறக்கி, முதல் ஷெட்டில் கண்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். பொட்டோடு கழற்றி ஒரு சாக்கில் போட்டார்கள்.

"நான் ஆய்வுக்கு வரலை மேடம். பெட்டியை எடுத்துட்டுப் போக வந்தேன்," என்றார். "மெஷினை எடுத்தப்போ அதோட பதிவும் சேர்ந்து போயிருச்சு. அந்த பிரஸ்னு ஒண்ணு இப்ப எங்கயும் இல்லை. இல்லாத மெஷின்ல விபத்து நடந்துச்சுன்னு நான் எப்படி எழுதுறது?"

"மறுபடியும் சேத்துங்க. பொட்டத் தொடைக்கறோம், இப்பவே ஓட்டறோம்," என்றார் லோகேஷ்வரன். கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது.

"சேர்த்தா புது மெஷினாத்தான் சேரும் சார். புது மெஷின்ல பழைய விபத்து இருக்காது. அப்புறம்..." அவர் குரல் இன்னும் இறங்கியது. "ஓட்டம் தொண்ணூத்தாறுல இருக்குறப்போ புதுசா மெஷின் சேர்க்க அனுமதி கிடையாது. ஏற்கெனவே ரொம்பச் சூடா இருக்கு."

"என்ற பேருக்கு நேரா போட்ட குறி?" தரணீஷ் அப்போதுதான் வாயைத் திறந்தான். "மெஷின் இல்லாமப் போயிருச்சுன்னா அதுவும் போயிருக்கணுமில்லீங்களா?"

"அது மெஷின் பதிவு இல்லை தம்பி. ஆள் பதிவு. அது இருக்கும்."

வாழ்க்கையில் ஒரு மனுஷனை அடிக்கவேண்டும் என்று எனக்கு அவ்வளவு வெறி வந்ததில்லை. கை ஓங்கியேவிட்டேன். சபரிநாதன் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். நவநீத் விலகக்கூட இல்லை, அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி நின்றார். அப்படி நிற்கிறவனை என்ன செய்வது? "உங்க அம்மா வயிறெரிய..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன். அந்த அம்மா என்ன பாவம் செய்தாள்.

தரணீஷ் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தான். கோபமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு புரியாத பையன் வாத்தியாரிடம் போகிற மாதிரி போனான். வலது கையில் சுற்றியிருந்த துணியை இடது கையால் மெதுவாக அவிழ்த்தான். இத்தனை நாளும் என்னிடம்கூட அவன் அதை முழுசாகக் காட்டியதில்லை.

"எனக்குக் கணக்கு வராதுங் சார். நீங்களே சொல்லுங்," என்றான். "இல்லாததக் கழிச்சுப்போடுவீங்க. மிச்சம் இருக்கறது எல்லாம் ஓடுச்சுன்னா நூறு. அப்படித்தானுங்களே?"

"ஆமா."

தரணீஷ் கையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினான். நான்கு விரல் இருந்த இடத்தில் தையல் போட்ட தழும்பு. ஓரத்தில் கட்டை விரல் தனியாக நின்றது. அதை மடக்கினான். நீட்டினான். மறுபடி மடக்கி நீட்டினான்.

"இருக்கறது இது ஒண்ணுதானுங். நல்லா ஆடுதுங். அப்ப என்ற கை நூத்துக்கு நூறுங்களா?"

வேன் ஆட்கள்கூட ஏணியில் நின்றபடி திரும்பிப் பார்த்தார்கள். நவநீத் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"கணக்குப்படி, ஆமா," என்றார்.